ஏழு நாள், ஏழு நேரம்

ஜூன் 10, திங்கள்

இன்று 3.30க்கு டேட்டாபேஸ் மறுபடியும் படுத்துவிட்டது. எட்டு நிமிடம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த 3.30 சர்வர் நேரம். எங்கள் டேட்டாபேஸ் கிளவுடில் இருக்கிறது. அங்கே கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை என்பதால் எனக்கு அந்த நேரம்தான் முதலில் வாயில் வரும். டைரியிலும் அதையே எழுதுகிறேன். படிக்கப் போவது நான் மட்டும்தானே.

தெய்வானை மேடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். காந்திபுரத்தில் ஒரு மேசையும் நான்கு ஃபைலும் வைத்து அவர் தொடங்கிய திருமணத் தகவல் மையம் இன்று நான்கு லட்சம் ஜாதகங்கள் உள்ள இணையதளம். "அம்மிணி, ஆனி முடிஞ்சா ஆடி. ஆடியில ஒருத்தரும் வரமாட்டாங்க. ஆவணி ஒண்ணாந்தேதி மொத்தக் கூட்டமும் வந்து நிக்கும். அன்னைக்கும் இது படுத்துதுன்னா, ஐதராபாத்துக்காரங்களே நடத்தட்டும்னு குடுத்துருவேன். ரெண்டு வருஷமா வெலைக்குக் கேட்டுட்டிருக்காங்க."

கொடுத்துவிட்டால் எனக்கு இங்கே வேலை இல்லை. ஐதராபாத்துக்கு வரச் சொல்வார்கள். எழுபத்தோரு வயது அப்பாவைக் கோவையில் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே போவது? அதோடு, அலுவலகத்து மூலையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சர்வர் பெட்டியைக் கிளவுடுக்கு மாற்றியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் நான்தான். அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்து இட்லி மாவு அரைத்தேன். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "கிரகக் கம்பெனி எப்படிப் போகுது?" என்றார். தினமும் கேட்பார். மில் தொழிலாளியாக முப்பத்தாறு வருஷம், சங்கத்தில் முப்பத்தாறு வருஷம். ரஷ்ய விண்வெளி வீராங்கனையின் நினைவாக மகளுக்கு வாலன்டினா என்று பெயர் வைத்தவர். அந்த மகள் ஜாதகம் பார்க்கும் இடத்தில் சம்பளம் வாங்குவதை அவர் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

11.00. பத்து நிமிடம். நேற்று 3.30, இன்று 11.00. என்ன கணக்கு இது?

ஜூன் 12, புதன்

8.00க்குப் படுத்தது.

கிளவுட் கம்பெனியின் உதவிப் பிரிவில் ரோஹன் என்று ஒருவர், பெங்களூரில் இருக்கிறார். பாவம், நல்ல பையன்போலத்தான் பேசுகிறார். அவர் பக்கத்தில் எல்லாம் பச்சையாக இருக்கிறதாம், கோளாறு ஒன்றுமில்லையாம். எனக்கு இன்னொரு சந்தேகம் உண்டு. கிளவுட் என்பது அடுக்குமாடி வீடு மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று குழாயையும் திறந்துவிட்டால் நம் குழாயில் தண்ணீர் நூலாக வரும். யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் தினமும் ஒவ்வொரு நேரத்தில் எதையோ ஓட்டுகிறார். ரோஹனிடம் சொன்னேன். பார்க்கிறேன் என்றார்.

காலையில் சப்பாத்திக்குப் பிசைந்துகொண்டிருந்தபோது அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். "நீ பொறந்தப்ப மணி என்ன இருக்கும் கண்ணு?"

"அது உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? எதுக்குப்பா?"

"ஆஸ்பத்திரியில புதுசா ஒரு ஃபார்ம் குடுத்திருக்காங்க. அதுல கேட்டிருக்கு."

அவருடைய சர்க்கரைக்கும் என் பிறந்த நேரத்துக்கும் என்ன சம்பந்தமோ. ஃபார்ம் அச்சடிப்பவர்கள் எதையும் கேட்பார்கள். சாயங்காலம் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். கரப்பான் மருந்து போடுகிறாராம்.

ஜூன் 14, வெள்ளி

இந்த வேலையில் இவ்வளவு மோசமான நாளை நான் பார்த்ததில்லை.

6.30க்கு வேகம் குறைந்தது. அதுவரை பழகியதுதான். ஆனால் இன்று முதல் சர்வர் அடியோடு பதில் சொல்லாமல் போனது. அது செத்துவிட்டது என்று நினைத்து மாற்று சர்வர் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அதற்காகத்தான் மாற்று சர்வர் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த மாறும் நேரத்தில் பாதி எழுதப்பட்டு நின்ற 212 பதிவுகள் எங்குமே போய்ச் சேரவில்லை. பதிவு செய்ய முயன்றவர்களின் போன் நம்பர்கள் மட்டும் தனிக் குறிப்பில் மிஞ்சியிருக்கின்றன. எத்தனை வீட்டில் ஜாதகத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டியிருப்பார்களோ.

வேகம் குறைவது வேறு, எழுதியதைத் தொலைப்பது வேறு. வேகம் குறைந்தால் ஜனங்கள் திட்டுவார்கள். தொலைத்தால் நம்ப மாட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மேடம் சத்தம் போடவில்லை. "ஆவணி ஒண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அப்பா இன்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறார். மொட்டைமாடியில் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று செல்போனோடு போய் உட்கார்ந்திருந்தாராம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். இரண்டு மணிக்கு மேல்தான் இறங்கினாராம், முகம் கடுகடு என்று. சர்க்கரைக்காரர் இப்படிச் சாப்பிடாமல் இருந்தால் ஆகுமா? நன்றாகத் திட்டினேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஒரு வாரத்து நேரங்களையும் எழுதிப் பார்த்தேன். திங்கள் 3.30. செவ்வாய் 11.00. புதன் 8.00. வியாழன் 9.30. வெள்ளி 6.30. சனி 5.00. இன்று 12.30.

வரிசையாக அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக ஒன்றரை மணி நேரம். போன வாரமும் இதே. அதற்கு முந்தின வாரமும் இதே. மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ள மாட்டார்கள், இது ஏதோ ஒரு ப்ரோக்ராம்தான் என்று முடிவுகட்டினேன். வரைபடம் போட்டு நாளைக்கு அலுவலகச் சுவரில் ஒட்டப் போகிறேன். யார் கண்ணிலாவது படட்டும்.

சாயங்காலம் அப்பா என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். ரேஷன் கார்டில் என் படம் பழசாகிவிட்டதாம். "அந்த நீலப் புடவையைக் கட்டிக்க" என்றார். ரேஷன் கடைக்காரர் புடவை நிறம் பார்த்தா அரிசி போடப் போகிறார்? ஆனாலும் கட்டிக்கொண்டேன். படம் நன்றாகவே வந்திருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

இரண்டு மடங்கு பெரிய இயந்திரத்துக்கு மாறினோம். பத்து நிமிடம் படுத்தது இப்போது ஏழு நிமிடம் படுக்கிறது. இதை முன்னேற்றம் என்று மேடத்திடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது. தையல்காரரிடம் இரண்டு ரவிக்கை கொடுத்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

சுவரில் வரைபடம் தொங்கி இரண்டு வாரம் ஆகிறது. வெப்சைட் எழுதும் பிரான்சிஸ் தினமும் டீயோடு வந்து அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். புகார் போன்களை எடுக்கும் கலாமணி, "கோலம் நல்லா இருக்குங்க்கா" என்றாள்.

சாப்பிடும்போது அப்பா திடீரென்று, "உங்க சைட்டு சுத்திட்டே இருக்குதாமா?" என்றார்.

"யாரு சொன்னாங்க?"

"பஸ்ல ரெண்டு பேரு பேசிட்டு வந்தாங்க. பேரு ஊரு எல்லாம் தட்டி முடிச்சு, கடைசியில அமுக்குனா சுத்துதாமா. மறுபடி முதல்ல இருந்து தட்டணுமாமா. வயசானவங்களுக்கு எத்தனை சிரமம்னு பேசிட்டாங்க."

பஸ்ஸில்கூட எங்கள் மானம் போகிறது. அப்பாவே இவ்வளவு விவரமாகச் சொல்லும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "அட, விடு. நீ சரி பண்ணிருவே" என்றார். கிரகக் கம்பெனியைப் பற்றி அப்பா சொன்ன முதல் நல்ல வார்த்தை.

ஜூலை 19, வெள்ளி

ஆடி பிறந்து மூன்று நாள். ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. வரைபடத்தில் கோடு தரையோடு தரையாகப் போகிறது.

பிரான்சிஸ் மைசூர்பாகு வாங்கி வந்தார். மேடம்கூட ஒன்று எடுத்துக்கொண்டார். நான் இரண்டு சாப்பிட்டேன், மறைப்பானேன். ஆனால் நான் ஒன்றும் சரிசெய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். தானாகப் போன வியாதி தானாகத் திரும்பி வரும்.

ஜூலை 25, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆடியில் வேலை குறைவு என்பதால், ஜூன் 14 அன்று பதிவு தொலைந்த 212 பேரையும் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருந்தார் மேடம். கலாமணி பெரும்பாலோரைப் பேசி முடித்துவிட்டாள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்களாம், ஒரே ஒரு பெரியவர் மட்டும் "ராங் நம்பர்" என்று பதறிப் போனை வைத்துவிட்டாராம். மிச்சம் நாற்பது பேர் என் பங்குக்கு.

பதினேழாவது போன், தாராபுரம் பக்கத்திலிருந்து ரத்தினாத்தாள் என்று ஒரு அம்மா. மகளுக்கு வரன் பார்க்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அட, போச்சாது விடுங்க அம்மிணி. ஆனா நான் நேரங்காலம் பாத்துத்தானுங்க அமுக்குனேன். வெள்ளிக்கிழமெ பத்தரை பன்னெண்டு. அது கழியட்டும்னு செல்லைக் கையில வெச்சுட்டு உக்கோந்திருந்தேன். பன்னெண்டு ஆச்சு, அமுக்குனேன். ஒரே சுத்து."

"பத்தரை பன்னெண்டுன்னா என்னங்க?"

"நீங்க ஜாதகக் கம்பெனியிலதானுங்களே வேலை பாக்கறீங்க?"

"ஆமாங்க."

"ராகு காலமுங்க."

வெள்ளி பன்னிரண்டு மணி. சர்வர் நேரத்தில் 6.30. "அம்மா, திங்கக்கிழமை எப்பங்க?" என்றேன்.

"ஏழரை ஒம்பது."

ஒன்பது மணி. சர்வர் நேரத்தில் 3.30. "செவ்வாய்?"

"மூணு நாலரை."

நாலரை என்றால் 11.00. இப்படியே ஞாயிறு வரை கேட்டேன். அவர் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். ஏழு நாளும், ஏழு நேரமும், ஒரு நிமிடம் பிசகாமல். ஆறு வாரமாக நான் தேடிய பக்கத்து வீட்டுக்காரர் யாருமில்லை. ராகு காலம் முடியட்டும் என்று நாடு முழுக்க எங்கள் ஜனங்கள் கையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முடிந்த அந்த விநாடி, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்குகிறார்கள்.

எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் மாட்டியதே இல்லை. சங்கத்தில் கொடுக்கும் காலண்டரில் போராட்டத் தேதிகள் இருக்கும், ராகு இருக்க மாட்டார். அப்படி ஒரு காலம் உண்டு என்று தெரியும், எந்த மணிக்கு என்று நான் கேட்டதே கிடையாது. சரி, எனக்குத்தான் தெரியாது. அலுவலகத்தில் மற்ற எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் நான் சுவரில் ஒட்டியது சர்வர் நேரத்தில் அல்லவா இருந்தது!

தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு மிச்சம் இருபத்துமூன்று பேருக்கும் போன் செய்தேன்.

ஜூலை 26, வெள்ளி

காலையில் பழைய வரைபடத்தைக் கிழித்துவிட்டு அதையே நம் நேரத்தில் போட்டு ஒட்டினேன். கலாமணி கைப்பையைக்கூட வைக்கவில்லை. "அய்யோ, இது ராகு காலமில்லீங்களாக்கா?"

மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நான் ராகு காலத்துல பேனாவையே தொடமாட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா?"

"ஆறு வாரமாச் சுவத்துல தொங்குச்சுங்க மேடம்."

"அது எந்த ஊரு நேரமோ, யாருக்குத் தெரியும்?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "காரணம் தெரிஞ்சிருச்சு. ஆவணி ஒண்ணுக்கு நிக்குமா?" என்று கேட்டார். நிற்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ரோஹனுக்கு எழுதினேன். அரை மணியில் பதில் வந்தது. ராகு என்பது எந்தக் கம்பெனியின் ப்ரோக்ராம், அதை வேறு நேரத்துக்கு மாற்றச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியாது என்று எழுதினேன்.

ஜூலை 29, திங்கள்

அதிக தடவை முயன்று தோற்றவர்கள் யார் என்று பட்டியல் எடுத்தேன். முதலிடத்தில் இருப்பவர் பதினொரு தடவை. அந்த நம்பரைப் பார்த்தேன். இதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். அப்பா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தப்பு எங்கே என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. அது ராகு மேல் இல்லை, என் மேல்தான்.

பழைய பெட்டியில் ஜாதகம் வந்தால் முதலில் எழுதி வைத்துக்கொள்ளும். பொருத்தம் பார்ப்பது பிறகு, மெதுவாக. கிளவுடுக்கு மாறியபோது, பதிவு செய்த உடனே பொருத்தம் காட்ட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். மேடத்திடம் காட்டிக் கைத்தட்டலும் வாங்கினேன். விளைவு, ஒருவர் பொத்தானை அமுக்கினால் அவர் ஜாதகத்தை எதிர்ப்பாலாரின் இரண்டு லட்சம் ஜாதகங்களோடு ஒப்பிட்டு முடித்த பிறகுதான் பதிவு சேமிக்கப்படும். ஒருவர் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். ஆயிரம் பேர் ஒரே விநாடியில் வந்தால்?

பிரான்சிஸும் நானும் இந்த வாரம் அதைப் பிரித்தோம். இனி வந்தவுடன் எழுதிக்கொள்ளும், பொருத்தம் வரிசையில் நின்று பத்து நிமிடத்தில் வரும். மாற்று சர்வரும் இனி அவசரப்பட்டுப் பொறுப்பேற்காது. இதற்கும் மேலே ஒன்று செய்தேன். ராகு காலம் முடிவதற்குக் கால்மணி முன்னால் இயந்திரம் தானாகப் பெரிதாகி, ஒரு மணி நேரம் கழித்துச் சுருங்கிக்கொள்ளும். அதற்காக ஏழு நாள் ராகு காலத்தையும் என் கையாலேயே கிளவுடில் எழுதி வைத்தேன். அப்பாவின் தோழர்களுக்குத் தெரிந்தால் என்னைச் சங்கத்து வாசலில் நிற்கவைத்து விசாரிப்பார்கள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஒத்திகை பார்த்தோம். பொய்யாக ஐயாயிரம் பேரை ஒரே நொடியில் அனுப்பினோம். நின்றது. இரண்டாம் தடவை எட்டாயிரம். லேசாக மூச்சு வாங்கியது, ஆனால் நின்றது. ஒத்திகையில் நிற்பது வேறு என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பேப்பர் படிப்பதைப் பார்த்துக்கொண்டே காய் நறுக்கினேன். ஒரு தடவை நிமிர்ந்து, "ஆவணி என்னைக்குப் பொறக்குது கண்ணு?" என்றார். சனிக்கிழமை என்றேன். "ஓ" என்று பக்கத்தைத் திருப்பினார். அவர் தமிழ் மாதம் விசாரித்து நான் இதுவரை கேட்டதில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது முதல் பத்தரை. இனி நம் நேரத்திலேயே எழுதிவிடுகிறேன்.

பத்தேகாலுக்கு இயந்திரம் சொன்னபடி பெரிதாகியது. மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பிரான்சிஸ் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கலாமணி இரண்டு போனையும் முன்னால் வைத்துத் திட்டு வாங்கத் தயாராக இருந்தாள்.

பத்தரை. கோடு நேர் செங்குத்தாக ஏறியது. நான் எதிர்பார்த்ததைவிட உயரமாக. ஆனால் கோடுதான் ஏறியதே தவிர, பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்துகொண்டே இருந்தன. முதல் கால்மணியில் 6,340. தொலைந்தது ஒன்றுகூட இல்லை. கலாமணியின் போன் ஒரே ஒரு தடவை அடித்தது. அதுவும் அவள் வீட்டிலிருந்து.

மேடம் என் தோளில் கை வைத்தார். "ஐதராபாத்துக்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லீறலாம்" என்றார். கிழவி அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். நான்தான் அழுதேன்.

சேமிக்கப்பட்ட பதிவுகளின் நம்பர்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. பத்து முப்பதாகி நான்காவது விநாடியில் அந்த நம்பர் வந்து போனது. பன்னிரண்டாவது முயற்சி. என் அப்பாவின் நம்பர்.

அடுத்தவர் விவரத்தை டேட்டாபேஸுக்குள் போய்ப் பார்ப்பது இல்லை என்று எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதனால் எல்லோரும் தேடுவதுபோலத் தளத்தில் தேடினேன். நீலப் புடவையில் நான். வயது 39. சாதி என்ற இடத்தில் 'இல்லை'. நட்சத்திரம் இருக்கிறது, பிறந்த நேரம் இருக்கிறது. கீழே அப்பா எழுதியது:

'பெண் டேட்டாபேஸ் வேலையில் உள்ளார். மிகவும் திறமைசாலி. வேலையை விடச் சொல்பவர்கள் தொடர்புகொள்ள வேண்டாம். சாதி பார்ப்பவர்கள் தொடர்புகொள்ள வேண்டாம். நன்றாகச் சிரிப்பார். பெண்ணின் தந்தை திருமணத்துக்குப் பிறகு தனியாக இருந்துகொள்வார். அவருக்குச் சமைக்கத் தெரியும். யாருக்கும் பாரமாக இருக்க மாட்டார்.'

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருவரைப் பார்த்துப் பேசினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் அவர், "கல்யாணத்துக்கு அப்புறம் உங்கப்பா எங்க இருப்பார்?" என்றார். எழுந்து வந்துவிட்டேன். வீட்டில், வேலையை விடச் சொன்னார், ஒத்துவரவில்லை என்று சொன்னேன். அப்பா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததனால் நம்பிவிட்டார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் தோசை வார்த்துக் கொடுத்தேன். மூன்றாவது தோசையில் சொன்னேன். "நேத்து பத்தரைக்கு உங்க பதிவு விழுந்துருச்சுப்பா."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. தப்பு செய்து மாட்டிக்கொண்ட முகம். பிறகு, "மத்தவங்களுக்கும் விழுந்துச்சா?" என்றார்.

"எல்லாருக்கும்."

"அப்ப ஐதராபாத்து இல்லை."

"இல்லை. ராகு காலம் பார்த்தா அமுக்கினீங்க?"

"எங்க கல்யாணம் ராகு காலத்துல நடந்தது உனக்குத் தெரியும்."

தெரியும். நூறு மேடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துத் தோழர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டார்கள்.

"உங்கம்மா அம்பத்தெட்டு வயசுலயே போயிட்டா. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் இன்னைக்கும் மேடையில ஏறிச் சொல்லுவேன். ஆனா உன் பேரைத் தட்டிட்டு அமுக்கப் போறப்ப கை வரலை கண்ணு. இன்னும் அரை மணி நேரம் பொறுத்தா என்ன கெட்டுப்போச்சுன்னு தோணுச்சு. கடைக்காரர்கிட்ட ராகு காலம் முடியற நேரத்தைக் கேட்டுட்டு வந்து உக்காந்துட்டேன்."

எனக்குக் கோபம் வரும் என்று இருபது நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வரவே இல்லை. அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பதுதான் தெரிந்தது. கல்யாணம் வேண்டுமா என்று கேட்டால் எனக்கே தெரியாது. இப்படியே இருந்தாலும் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வந்தால் பார்க்கலாம்.

"பதிவு இருக்கட்டும்ப்பா. கடைசி மூணு வரியை மட்டும் எடுத்துடணும்."

"அது இருந்தாத்தான் யாராச்சும் வருவாங்க."

"அது இருந்தாத்தான் வருவேங்கிறவர் எனக்கு வேண்டாம்."

"நான் இருந்துக்குவேன் வாலி. எனக்கென்ன, சமைக்கத் தெரியாதா?"

"உங்க ரசத்தை நான் குடிச்சிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

டேட்டாபேஸுக்குள் போய் நானே அந்த வரிகளை அழித்துவிடலாம். ஒரு நிமிட வேலை, யாருக்கும் தெரியாது. ஆனால் பதிவு செய்தவர் சம்மதம் இல்லாமல் ஒரு எழுத்தையும் தொடக்கூடாது என்று அந்தத் தளத்துக்குச் சட்டம் போட்டவளே நான்தான். மாற்ற வேண்டுமானால் பதிவு செய்தவர் போனுக்கு ஆறு இலக்க ஓடிபி போகும். அவர் சொன்னால்தான் மாறும்.

என் போனில் பதிவைத் திறந்தேன். மூன்று வரியையும் எடுத்துவிட்டு, 'பெண்ணின் தந்தை எங்களுடன் இருப்பார்' என்று எழுதி, அமுக்கினேன். மேசைமேல் அவர் செல்போன் டொக் என்று சத்தம் போட்டது.

"அப்பா, ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க."

எடுக்கவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்குள் சொல்லாவிட்டால் அந்த நம்பர் செல்லாது, மறுபடி அனுப்ப வேண்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் அனுப்பலாம், எனக்கு இன்று லீவு என்றேன்.

கடைசியில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். போனைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார்.

"நாலு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஏழு." அப்புறம், "சைபர்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ரெண்டு. ரெண்டு."

"இன்னும் ஒண்ணு இருக்குப்பா."

"தெரியும், இரு" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "ஒம்பது."

தட்டினேன். 'பதிவு சேமிக்கப்பட்டது' என்று வர ஒரு விநாடிகூட ஆகவில்லை.